இன்னும் ஒரு செல் போட்டால் தீர்ந்துவிடுமா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடி வண்டி ஓட்டும் பொட்டல் ஒன்று இருக்கிறது. வண்டி என்றால் ரிமோட்டில் ஓடும் எலெக்ட்ரிக் டிரக். நிஜ டிரக்கில் பத்தில் ஒரு பங்கு அளவு, இரண்டு இரண்டரைக் கிலோ எடை. போன மாதம் கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவன் தன் டிரக்கை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தான். அவன் கிட்டே வருவதற்குள் வாடை வந்துவிட்டது. மிக்ஸியில் காயில் எரிந்த வீட்டில் ஒருமுறை இருந்தவர்களுக்கு அந்த வார்னிஷ் வாடை மறக்காது.

"அண்ணா, 3எஸ் போட்டேன். பத்து நிமிஷம் செமையா போச்சு. அப்புறம் மோட்டார் புகைஞ்சிடுச்சு. 4எஸ் தாங்குற மாதிரி ஒரு மோட்டார் சொல்லுங்கண்ணா."

நான் சிரிக்கவில்லை. சிரித்தால் எங்களைப் பார்த்துத்தான் சிரிக்க வேண்டும். மூன்று செல்லில் மோட்டார் எரிந்தால் நான்கு செல்லுக்குப் போகலாம் என்ற யோசனையை அவனாகக் கண்டுபிடிக்கவில்லை. கடையில் சொன்னார்கள், வீடியோவில் சொன்னார்கள், எங்கள் பொட்டலிலேயே தேநீர் குடித்துக்கொண்டு பெரிய ஆட்கள் சொன்னார்கள். 2எஸ் சின்னப் பிள்ளைகளுக்கு. ஆண்பிள்ளை என்றால் 3எஸ். பேட்டரி ஸ்டிக்கரில் 'சி' எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்ல பேட்டரி. பிரஷ் மோட்டாரைக் கழற்றித் தூக்கி எறி. நிக்கல் பேட்டரி குப்பை. இதற்கெல்லாம் மேலே, அறிவியல் சட்டை போட்டுக்கொண்டு வரும் ஒரு வாக்கியம்: வோல்ட்டேஜ் ஏறினால் கரண்ட் குறையும், ஆகவே சூடும் குறையும்.

இந்தப் பொழுதுபோக்குக்குப் பணம் எடுத்து வைத்திருக்கும் யாரும் இதில் ஒன்றைக்கூட அப்படியே நம்ப வேண்டாம் என்பது என் கட்சி. பேட்டரி முதலில் வாங்க வேண்டிய சாமானே அல்ல, கடைசியில் வாங்க வேண்டியது. வண்டி எங்கே ஓடப்போகிறது, டயர் எவ்வளவு பெரியது, கியர் என்ன விகிதம் என்று சக்கரத்திலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வந்தால்தான் மோட்டார் எதுவென்று தெரியும். மோட்டார் தெரிந்தால்தான் அதற்கு எத்தனை செல் என்று தெரியும். நாம் செய்வது தலைகீழ். பளபளப்பாக ஒரு பேட்டரியை வாங்கிவிட்டு, அது எதையெல்லாம் உடைக்கிறதோ அதையெல்லாம் வரிசையாக மாற்றிக்கொண்டு வருகிறோம்.

புதியவர்களுக்காகச் சில வரிகள். லித்தியம் பாலிமர் (லிப்போ) செல் ஒன்றின் கணக்கு வோல்ட்டேஜ் 3.7, முழுதாக ஏறினால் 4.2. இரண்டைத் தொடராக இணைத்தால் 2எஸ், 7.4 வோல்ட். மூன்று என்றால் 11.1, நான்கு என்றால் 14.8. பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் நின்று கரண்டை அளந்து கொடுக்கும் பெட்டி இஎஸ்சி. மோட்டாரின் மேல் 3300 கேவி என்று எழுதியிருந்தால் கிலோவோல்ட் என்று பயந்துவிடாதீர்கள். சுமையில்லாமல் சுற்றும்போது ஒவ்வொரு வோல்ட்டுக்கும் நிமிடத்துக்கு 3300 சுற்று என்பது அதன் பொருள்.

இப்போது அந்த அறிவியல் சட்டையைக் கழற்றிப் பார்ப்போம். வோல்ட்டேஜ் ஏறினால் கரண்ட் குறையும் என்பவர்கள் உதாரணத்துக்கு மின்வாரியத்தைக் கூப்பிடுவார்கள். 230 கிலோவோல்ட், 400 கிலோவோல்ட் என்று கோபுரம் கோபுரமாகக் கம்பி இழுத்திருப்பது எதற்கு? அதே பவரை உயர்ந்த வோல்ட்டேஜில் அனுப்பினால் கரண்ட் குறையும், கம்பியில் வீணாகும் சூடு குறையும். இதை மறுக்க நான் யார்? ஆனால் அந்த வாக்கியத்தில் 'அதே பவரை' என்று இரண்டு சொல் இருக்கிறது. டிரக்காரர்கள் பேசும்போது அந்த இரண்டு சொல்லையும் விழுங்கிவிடுகிறார்கள். கோபுரக் கம்பியில் வோல்ட்டேஜை ஏற்றினால் ஊரின் சுமை ஏறுவதில்லை. டிரக்கில் ஏறும். பேட்டரியை மட்டும் மாற்றி மோட்டாரையும் கியரையும் அப்படியே விட்டால், வண்டி ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடப்பார்க்கும். அதற்காகத்தானே மாற்றினோம்!

ஒன்றரை மடங்கு வேகத்துக்குக் காற்று என்ன கூலி கேட்கும் என்று பாருங்கள். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப்படி ஏறும். ஒன்றரையை ஒன்றரையால் பெருக்கினால் 2.25. மோட்டார் அந்த அளவு கூடுதலாகத் திருக வேண்டும். மோட்டார் திருகும் விசையும் அது இழுக்கும் கரண்டும் கைகோத்துப் போகிறவை. ஆகவே காற்றோடு மல்லுக்கு நிற்கும் பங்கில் கரண்டும் 2.25 மடங்கு. தாமிரக் கம்பியில் பிறக்கும் சூடு கரண்டின் இருமடி. 2.25-ஐ 2.25-ஆல் பெருக்கினால் ஐந்துக்குக் கொஞ்சம் மேல். செல் ஒன்றுதான் கூடியது, சூடு ஐந்து மடங்கு. தரை உராய்வு இப்படி ஏறாது என்பதால் நிஜத்தில் இதைவிடக் குறைவாக இருக்கும்; ஆனாலும் 'குறையும்' என்று சொன்னவர் எந்தத் திசையில் பார்த்துக்கொண்டிருந்தார் என்று புரிகிறதல்லவா? 2008-ல் வந்து இன்றுவரை விற்றுக்கொண்டிருக்கும் டிராக்ஸஸ் ஸ்லாஷ் வகை வண்டிகளுக்குச் சக்கரங்களையெல்லாம் மூடிக்கொண்டு பெரிய பாடி இருக்கும். வேகத்தில் காற்று உள்ளே புகுந்து அதைப் பாராசூட் மாதிரி பிடித்து இழுக்கும். பாடியில் ஓட்டை வெட்டிக் காற்றுக்கு வழிவிடுகிறவர்கள் சும்மா வெட்டுவதில்லை.

வோல்ட்டேஜை ஏற்றிச் சூட்டைக் குறைக்க வழியே இல்லையா என்றால், இருக்கிறது. மோட்டார் முனையில் மாட்டியிருக்கும் சிறு பல்சக்கரம் பினியன். 2எஸ்-ல் 21 பல் பினியன் போட்டு ஓட்டியவர் 3எஸ்-க்குப் போகும்போது 14 பல்லுக்கு இறங்கினால், வண்டி பழைய வேகத்திலேயே போகும். மோட்டார் ஒன்றரை மடங்கு சுற்றும், கரண்ட் மூன்றில் இரண்டு பங்காகக் குறையும். மின்வாரியக் கணக்கு இங்கே அட்சரம் பிசகாமல் பலிக்கும். ஆனால் அப்படி இறங்கிய ஒருவரை எனக்குக் காட்டுங்கள். வேகம் கூடாத 3எஸ் யாருக்கு வேண்டும்? நம் தம்பி என்ன செய்திருந்தான் தெரியுமா? 3எஸ் போட்ட கையோடு பினியனை 19-லிருந்து 23-க்கு ஏற்றியிருந்தான். ஸ்பீடு பத்தலை என்று யாரோ சொன்னார்களாம்.

4எஸ் என்றால் கதை இன்னும் மோசம். தம்பியுடையது மாதிரி 3300 கேவி மோட்டாரை முழுச் சார்ஜில் இருக்கும் நான்கு செல்லில் மாட்டினால் 16.8 வோல்ட், பெருக்கிப் பாருங்கள், 55,000 சுற்றைத் தாண்டும். இந்த அளவு மோட்டார்கள் பலவற்றுக்கு 50,000 சுற்றே எல்லை. பெரிய வண்டி செய்கிறவர்கள் இதைத் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள். அதே டிராக்ஸஸின் எக்ஸ்-மேக்ஸ் எட்டு செல்லில் ஓடுகிறது. அதன் மோட்டார் 1200 கேவி. 29.6-ஐ 1200-ஆல் பெருக்கினால் 35,500 சுற்று. வோல்ட்டேஜை ஏற்றினார்கள், கேவியை இறக்கினார்கள். நம் ஆட்கள் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு எட்டு செல் என்று வாயைப் பிளக்கிறார்கள்.

இன்னொரு தகவலும் சொல்லிவிடுகிறேன், தேநீர்க் கடையில் எடுத்துவிட உதவும். பத்தில் ஒரு பங்கு எலெக்ட்ரிக் ஆஃப்ரோடு வண்டிகளுக்கு இஃப்மார் அமைப்பு 1985-லிருந்து உலகப் போட்டி நடத்துகிறது. லித்தியம் வந்த பிறகு அங்கே ஓடுவது 2எஸ். உலகிலேயே தலைசிறந்த ஓட்டுநர்கள், நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகள், இரண்டே செல். பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் சமதளத் தடத்தில் ஓடும் கார்களுக்கு ஒரே ஒரு செல், 3.7 வோல்ட். சின்னப் பிள்ளைகளுக்கான பேட்டரியில் உலகக் கோப்பை ஓட்டுகிறார்கள் பாவம்!

அடுத்தது 'சி'. இதில் எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகம்.

ஸ்டிக்கரில் 5000 எம்ஏஎச், 100சி என்று போட்டிருக்கும். அர்த்தம்: 5 ஆம்பியர் மணிக் கொள்ளளவை 100-ஆல் பெருக்கு, 500 ஆம்பியர் தொடர்ந்து கொடுப்பேன். தொடர்ந்து என்றால் எவ்வளவு நேரம்? ஒரு மணி நேரத்தில் நூறில் ஒரு பங்கு, 36 நொடி. அதற்குள் பேட்டரி காலி. சரி, அந்த 36 நொடியாவது கொடுக்குமா? பேட்டரியிலிருந்து வெளியே வரும் சிலிக்கான் ஒயரைப் பாருங்கள். பெரும்பாலும் 12 கேஜ், கணக்குக்கு 3.3 சதுர மில்லிமீட்டர். வீட்டில் ஏசிக்கு எலெக்ட்ரீஷியன் 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் இழுத்துவிட்டு 20, 25 ஆம்பியருக்கு பிரேக்கர் போடுகிறார். வெல்டிங் பட்டறையில் 200 ஆம்பியருக்கு ஓடும் கேபிளைக் கையில் பிடித்துப் பாருங்கள், கட்டைவிரல் தடிமன் இருக்கும். இதைவிட மெல்லிய ஒயரில் 500 ஆம்பியர் ஓடுமாம். அதன் முனையில் மஞ்சள் நிறத்தில் ஒரு கனெக்டர், எக்ஸ்டி60. தன் எல்லையைத் தன் பெயரிலேயே எழுதி வைத்துக்கொண்டிருக்கும் ஒரே யோக்கியன் இந்தக் கூட்டத்தில் அதுதான்.

உள்ளே என்ன ஆகும் என்றும் பார்க்கலாம். நல்ல பேட்டரியிலும் ஒரு செல்லுக்கு 3 மில்லிஓம் அளவில் உள்தடை இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு செல்லுக்கு 6 மில்லிஓம். 500 ஆம்பியர் ஓடினால் 3 வோல்ட் உள்ளேயே தின்றுபோகும்; முழுச் சார்ஜில் 8.4 இருந்தது வெளியே 5.4 ஆகத்தான் வரும். பேட்டரிக்குள் பிறக்கும் சூடு 1500 வாட். அரைச் செங்கல்கூட இல்லாத ஒரு பொட்டலத்துக்குள் இண்டக்ஷன் அடுப்பு ஒன்றை முழு வேகத்தில் ஓடவிட்ட மாதிரி. தொட்டுப் பார்க்கப் பேட்டரி மிஞ்சாது.

நமக்கு நிஜத்தில் எவ்வளவு வேண்டும்? கிளாம்ப் மீட்டர் வேண்டாம், கைக்கடிகாரம் போதும். 5000 எம்ஏஎச் பேட்டரியில் உங்கள் டிரக் 25 நிமிடம் ஓடினால், சராசரி கரண்ட் 12 ஆம்பியர். கிளம்பும்போதும் மணலில் திணறும்போதும் ஒரு கணம் 80, 100 என்று எகிறலாம். ஆக, சத்தியமான 20சி இருந்தால் வேலை முடிந்தது. சத்தியமான என்ற சொல்லில்தான் சிக்கல்.

சத்தியம் பேசுகிறவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று தெரிய வேண்டுமானால் டார்ச் லைட்டில் போடுகிற மாதிரி இருக்கும் உருளை செல்களைப் பாருங்கள். 21 மில்லிமீட்டர் விட்டம், 70 மில்லிமீட்டர் நீளம். மோலிசெல் பி42ஏ என்று ஒன்று; 4200 எம்ஏஎச், தொடர் கரண்ட் 45 ஆம்பியர் என்று தரவுத்தாளில் அச்சடித்திருக்கிறார்கள். அதிகக் கரண்ட் கொடுக்கும் செல் என்று அந்த வட்டாரத்தில் பெயர் வாங்கியது அது. சி கணக்கில் சொன்னால் 11-கூட வராது. பத்துச் சொச்சம் சி உள்ள செல்லுக்கு அங்கே மரியாதை. இங்கே 50சி என்றால் மூஞ்சியைச் சுளிக்கிறோம்.

சிலர் ஒரு படி இறங்கிவந்து வாதாடுவார்கள்: நூறு என்பது பொய்யாகவே இருக்கட்டும், நூறு போட்டவனுடைய உள்தடை ஐம்பது போட்டவனுடையதைவிடக் குறைவாகத்தானே இருக்கும்? ஒரே கம்பெனி தன் இரண்டு ரகத்துக்கு இடும் எண்கள் என்றால் ஒருவேளை இருக்கலாம். இரண்டு கம்பெனி என்றால் அந்த எண்களை ஒப்பிடுவதில் பொருளே இல்லை, ஒருவர் பொய்யை இன்னொருவர் பொய்யால் வகுப்பதுதான் மிச்சம். உள்தடைதான் முக்கியம் என்று ஒப்புக்கொண்டுவிட்டால் அதையே அளந்துவிட்டுப் போகலாமே. ஓரளவு நல்ல சார்ஜர் ஒவ்வொரு செல்லுக்கும் காட்டுகிறது. ஒரே நாளில், ஒரே சூட்டில், இரண்டு பேட்டரியை அளந்து பாருங்கள். ஸ்டிக்கரைப் பார்க்கவே தோன்றாது.

சார்ஜர்கூட வேண்டாம், சமையலறைத் தராசு போதும். தம்பியின் 3எஸ் பேட்டரியை அன்று வீட்டுக்கு வாங்கிக்கொண்டு வந்தேன். மேலே தங்க எழுத்தில் 5000, 100சி. மாவு நிறுக்கும் தராசில் வைத்தால் 262 கிராம். என்னிடம் இருக்கும் 2எஸ் 5000 அதைவிட 10 கிராம் அதிகம். மூன்று செல் பேட்டரி இரண்டு செல் பேட்டரியைவிட லேசாக இருந்தால் ஒன்று அவன் மந்திரவாதி, இல்லையென்றால்... செல் ஒன்றுக்கு 3.3 வோல்ட் வரைக்கும் இறக்கிவிட்டுச் சார்ஜ் போட்டேன். ஏறியது 3400 எம்ஏஎச் சொச்சம். மீதி தங்க எழுத்துக்குள் இருக்கிறது போல. கொள்ளளவிலேயே கைவைக்கிறவன் சி-யில் மட்டும் நேர்மையாக இருப்பான் என்று நம்புவதற்கு அசாத்திய மனசு வேண்டும்.

பிரஷ் மோட்டார் செத்துவிட்டது என்ற பேச்சுக்கு வருகிறேன். எங்கள் கூட்டத்தில் ஒருவர் பாறை ஏறும் வண்டி வைத்திருக்கிறார். கிராலர் என்பார்கள். அதன் வேகம் நாம் நடக்கும் வேகம்தான்; அழகு எல்லாம் ஒரு கல்லின் விளிம்பில் ஒற்றைச் சக்கரத்தை வைத்து அங்குலம் அங்குலமாக ஏற்றுவதில். அவர் யாரோ சொன்னதைக் கேட்டு பிரஷ் மோட்டாரைக் கழற்றிவிட்டு சென்சார் இல்லாத பிரஷ்லெஸ் போட்டார். பாறையின் நடுவில் நின்ற வண்டியை மெல்ல நகர்த்தினால் திக்கித் திக்கி உதறும், கொஞ்சம் கூட்டினால் தாவிக் கவிழும். காரணம் எளிது. சென்சார் இல்லாத பிரஷ்லெஸ் மோட்டார் சுற்றினால்தான் காந்தம் எந்த நிலையில் இருக்கிறது என்று இஎஸ்சிக்குத் தெரியும். நின்ற நிலையில் அது குருடு, குத்துமதிப்பாகத் தள்ளிப் பார்க்கிறது. வேகமாக ஓடும் வண்டிக்கு இது ஒரு பொருட்டே இல்லை. கிராலருக்கு உயிர்ப் பிரச்சினை. சென்சார் வைத்த பிரஷ்லெஸ் இதைத் தீர்க்கும், சந்தேகமில்லை. அதன் விலைக்கு எத்தனை பிரஷ் மோட்டார் வாங்கலாம் என்று கணக்குப் போட்டுவிட்டு அவர் பழையதையே திரும்ப மாட்டினார்.

கார்பன் பிரஷ் தேயும், உண்மைதான். மிக்ஸியிலும் தேய்கிறது, டிரில் மிஷினிலும் தேய்கிறது. அதற்காக யாரும் சட்னி அரைப்பதை நிறுத்தவில்லை. 1987-ல் தமியா கொண்டுவந்த கிளாட் பஸ்டர் என்ற மான்ஸ்டர் டிரக், முன் அச்சுக்கு ஒன்று பின் அச்சுக்கு ஒன்று என இரண்டு சாதாரண 540 பிரஷ் மோட்டாரில் ஓடியது. பேட்டரி 7.2 வோல்ட். அந்தப் பெரிய டயர்களை அது உருட்டியது வோல்ட்டேஜால் அல்ல, கியரால்.

நிக்கல் குப்பை என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பத்து வயதுப் பிள்ளைக்கு முதல் டிரக் வாங்கித் தருகிறீர்கள் என்றால் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ஆறு செல் பேட்டரி நல்ல பேட்டரி. கனம்தான், கடைசியில் சோர்ந்துபோகும்தான். ஆனால் மறந்துபோய் ஸ்விட்சை அணைக்காமல் விட்டாலும், குத்துப்பட்டாலும், லித்தியம் மாதிரி தீயாகப் பழிவாங்காது. அதில் நான் மாற்றச் சொல்வது வெள்ளை நிற தமியா கனெக்டரை மட்டும். கொஞ்சம் கரண்ட் ஏறினாலே உருகி ஒட்டிக்கொள்ளும்.

இத்தனை பேர் பேட்டரியைப் பற்றியே பேசும்போது யாரும் கண்டுகொள்ளாத ஒரு சமாச்சாரம் இருக்கிறது. அதில் நானே ஒரு ரேடியோ செட்டின் விலையைத் தொலைத்தவன் என்பதால் சொல்கிறேன். என் டிரக் ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பினால் ஒரு நொடி செத்துவிடும், பிறகு தானே உயிர்பெறும். ரேஞ்ச் இல்லை என்று முடிவுகட்டிப் புது ரிமோட்டும் ரிசீவரும் வாங்கினேன். அப்படியே இருந்தது. பேட்டரி பத்தவில்லை என்றார்கள், அதையும் மாற்றினேன். ஒருநாள் சலிப்பில் வண்டியை மேசையில் வைத்து, ரிசீவரின் காலி இணைப்பில் மல்டிமீட்டரைச் செருகி, சக்கரத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங்கைத் திருப்பினேன். 6 வோல்ட் காட்டிய மீட்டர் 4-க்குக் கீழே விழுந்தது. ரிசீவர் கண்ணை மூடியது, வண்டி நின்றது.

நடந்தது இதுதான். ரிசீவருக்கும் ஸ்டியரிங் சர்வோவுக்கும் மின்சாரம் கொடுப்பது இஎஸ்சிக்குள் இருக்கும் சின்ன மின்சுற்று, பிஇசி என்பார்கள். சாதாரண இஎஸ்சிகளில் அது 2 அல்லது 3 ஆம்பியருக்கு மேல் தாங்காது. நான் மாட்டியிருந்ததோ 25 கிலோ இழுக்கும் பெரிய சர்வோ. கல்லில் சக்கரம் சிக்கி நின்றால் அது ஒன்றே அதைவிடக் கூடுதலாகக் கேட்கும். தனியாக ஒரு பிஇசி வாங்கி நேரே பேட்டரியிலிருந்து இழுத்தேன். இஎஸ்சியிலிருந்து ரிசீவருக்குப் போகும் மூன்று ஒயரில் நடுவில் இருக்கும் சிவப்பை மட்டும் உருவி டேப் சுற்றிவிட்டேன், இரண்டு பிஇசியும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் இருக்க. ஒரு பேட்டரி விலையில் சிறு பங்கில் முடிந்துபோன காரியம். அதற்குமுன் மூன்று செல்லோ முப்பது செல்லோ போட்டிருந்தாலும் அந்த வண்டி கல்லில் செத்துத்தான் போயிருக்கும்.

சார்ஜர் இன்னொன்று. பேட்டரிக்கு வாரி இறைத்துவிட்டுச் சார்ஜருக்குக் கை சுருங்குகிறவர்களே அதிகம். நம் ஊரில் பலர் கையில் இருப்பது ஐமேக்ஸ் பி6 அல்லது அதன் நகல். அதன் எல்லை 50 வாட். 5000 எம்ஏஎச் பேட்டரியை முறைப்படி 5 ஆம்பியரில் ஏற்ற 2எஸ்-க்கு 42 வாட் போதும். 3எஸ்-க்கு 63 வாட் வேண்டும். ஆக, மூன்றாவது செல் வாங்கியவர் இன்னும் அதிக நேரம் காத்திருக்க வேண்டும், அல்லது புதுச் சார்ஜர் வாங்க வேண்டும். இதைக் கடையில் சொல்ல மாட்டார்கள். கத்திரி வெயிலில் ஓட்டிவிட்டுச் சூடு ஆறாத பேட்டரியைக் கார் டிக்கியில் வைத்தே சார்ஜ் போடுகிறவர்களையும் பார்க்கிறேன். லித்தியம் செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. மே மாத மத்தியானத்தில் மூடிய கார் அதைத் தாண்ட எவ்வளவு நேரமாகும்? நிழலில் ஆறவிட்டு, தரைக் கல்லின்மேல் வைத்து, பக்கத்தில் இருந்துகொண்டு ஏற்றுங்கள். இரண்டு வாரம் ஓட்டப்போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தி வையுங்கள்.

இஎஸ்சியைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை, ஒரே ஒரு எச்சரிக்கை தவிர. ஹாபிவிங் 1060 மாதிரிப் பலரும் வாங்கும் பிரஷ் இஎஸ்சியின் முதுகில் நகக்கண் அளவில் ஒரு பிளாஸ்டிக் தொப்பி, பழைய கணினி ஹார்ட் டிஸ்கில் இருக்குமே, அந்த மாதிரி ஜம்பர். அது லிப்போ பக்கம் இருக்கிறதா, நிக்கல் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். நிக்கல் பக்கம் விட்டுவிட்டு லித்தியம் பேட்டரியில் ஓட்டினால் லித்தியத்தை எந்த வோல்ட்டில் நிறுத்த வேண்டும் என்று அதற்குத் தெரியாது. செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கி, ஒரே மாலையில் பேட்டரி உப்பிவிடும். 100சி பேட்டரியானாலும் உப்பும்.

எல்லாம் சரி, வேகம்தானே சுகம், உன் கணக்கை யார் கேட்டது என்று ஒரு குரல் வருகிறது. நியாயமான குரல். எனக்கும் வேகம் பிடிக்கும். வேகம் வேண்டுமென்றால் அதற்கென்று செய்த வண்டியை வாங்குங்கள்: எட்டில் ஒரு பங்கு அளவு, உலோக டிஃபரன்ஷியல், நான்கு செல், 2000 கேவி சுமாரில் மோட்டார். அது ஒரு முழுமையான யோசனை. 2எஸ்-க்குச் செய்த பிளாஸ்டிக் கியர்ப்பெட்டிக்குள் இன்னொரு செல்லைத் திணிப்பது யோசனையே அல்ல. முதலில் ஸ்பர் கியர் பல் போகும், அதை இரும்பாக மாற்றினால் டிஃபரன்ஷியல் போகும், அதையும் மாற்றினால் அச்சு முறியும். கடைக்காரருக்கு இதில் வருத்தம் இருக்க நியாயமில்லை.

புதிதாக வாங்குகிறவர்கள் ஸ்டிக்கரை நம்புவதற்குப் பதில் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றை வாங்குங்கள். கொரோனா காலத்தில் நெற்றியில் நீட்டினார்களே, அந்த வகைதான். ஆனால் அந்த நெற்றி மாடல் உடல் சூட்டைத் தாண்டிக் காட்டாது, பட்டறைகளில் வைத்திருக்கும் மாடலைக் கேளுங்கள். ஐந்து நிமிடம் ஓட்டுங்கள், மோட்டாரில் நீட்டுங்கள். 80 டிகிரியை நெருங்கினால் பினியனில் ஒரு பல் குறையுங்கள், மறுபடி ஓட்டுங்கள். எந்த ஸ்டிக்கரும் சொல்லாததை அந்த எண் சொல்லும்.

தம்பி அதே 3300 கேவி மோட்டாரையே புதிதாக வாங்கினான். பினியன் பழையபடி 19. பேட்டரி 2எஸ், கடையில் நிறுத்துப் பார்த்து வாங்கினான். கடைக்காரர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாராம். போன ஞாயிற்றுக்கிழமை முழுப் பேட்டரியும் தீர ஓட்டிவிட்டு மோட்டாரில் வெப்பமானியை நீட்டினோம். 64 டிகிரி. 3எஸ் பேட்டரியை விற்கப்போகிறான், தங்க எழுத்து அப்படியே இருக்கிறது. வாங்க நினைப்பவர்கள் தராசோடு வரவும்.